திரையில் ஓடும் விரல் கம்பியில் ஏன் தடுக்குகிறது?

திரும்பவும் அதே கதை. கிட்டார் ஆப்பில் ஆர்பெஜியோ (கார்டு என்னும் ஸ்வரக் கூட்டை ஒரே வீச்சில் அடிக்காமல் ஸ்வரம் ஸ்வரமாக வாசிப்பது) பறக்கிறது. நிஜக் கிட்டாரைக் கையில் கொடுத்தால் முதல் சுற்றிலேயே பாதிக் கம்பி ஊமை. உடனே பழி கிட்டார் மேல்: "கம்பி ரொம்ப டைட்டா இருக்கு சார்."

கம்பியில் கோளாறு இல்லை. திரையைத் தொட்டதும் ஒலி பிறக்கும். கம்பியைத் தொட்டாலோ ஒலி அடங்கும். விரல் விடுபடும்போதுதான் பிறக்கும். ஆப் பழக்குவது தட்டுவதை, மீட்டுவதை அல்ல. 5-3-2-1-2-3 என்ற சுற்றில் (எண்கள் கம்பிகளைக் குறிக்கும், 1 மெல்லியது, 6 தடித்தது) ஏறும்போது இது அவ்வளவாகத் தெரியாது. திரும்பும்போது 2, 3ஆம் கம்பிகள் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். தட்டிப் பழகிய விரல் அங்கே முன்கூட்டியே போய் உட்கார்ந்து அந்த ஒலியைக் கொன்றுவிடும். ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று மிதக்காவிட்டால் அப்புறம் என்ன ஆர்பெஜியோ? (லீட், அதாவது தனி மெட்டு, வாசிப்பவர்கள் சொல்லும் ஆர்பெஜியோ வேறு, அங்கே ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியே அடங்க வேண்டும்.) ஆகவே "ஆப்பில் வேகம் வந்தாச்சு, கிட்டாரில் தானா வந்துடும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வராது.

முதலில் இடது கையை மறந்துவிட்டு வெறும் கம்பிகளில் தொடங்குங்கள். கட்டைவிரலுக்கு 6, 5, 4, ஆள்காட்டிக்கு 3, நடுவிரலுக்கு 2, மோதிர விரலுக்கு 1. மெட்ரோனோம் (தாளக் கருவி) நிமிடத்துக்கு 50 அடி, ஒரு அடிக்கு ஒரே ஸ்வரம். விரல் உள்ளங்கையை நோக்கி மடங்க வேண்டும். கம்பியை வெளியே கொக்கி போட்டு இழுத்தால் அது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டையில்) அறைந்து சடசடக்கும். பிறகு சி கார்டு. இ மைனர், ஜி வந்தால் கட்டைவிரல் 6க்குப் போகும், டி வந்தால் 4க்கு. மற்ற மூன்று விரல்களும் இடம் மாறாது. இத்தாலியக் கிட்டார் மேதை மௌரோ ஜூலியானி வலது கைக்கு 120 பயிற்சிகள் எழுதியபோது இடது கைக்குக் கொடுத்தது சி, ஜி7 என்று இரண்டே கார்டுகள். அவருக்குத் தெரிந்திருக்கிறது, வேலை எந்தக் கையில் என்று.

சி கார்டில் 1ஆம் கம்பி ஒலிக்கவில்லையா? 2ஆம் கம்பியை அழுத்தும் விரல் சாய்ந்து அதைத் தொடுகிறது. நுனியில் நிறுத்துங்கள். ஸ்ட்ரம்மிங்கில் (கம்பிகளை ஒரே வீச்சில் அடிப்பதில்) இது மறைந்துவிடும், ஆர்பெஜியோவில் அம்பலமாகும். ஆப்பிலோ தவறே நடக்காது. அதுதான் சிக்கல்.

ஆப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ட்யூனர், மெட்ரோனோம், கார்டில் என்னென்ன ஸ்வரம் என்று பார்ப்பது, எல்லாம் அருமை. ஆம்ப் சிமுலேஷன் (ஆம்ப்ளிஃபயர் போல ஒலிக்க வைக்கும் வசதி) போட்டால் ரிவெர்ப், டிலே என்ற எதிரொலி எஃபெக்டுகளை அணைத்துவிடுங்கள்; உங்கள் மீட்டலின் ஏற்ற இறக்கத்தை அவை மூடி மறைக்கும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். 80 வேகத்தில் அடிக்கு நாலு ஸ்வரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 187 மில்லிசெகண்டுதான். ப்ளூடூத் தாமதம் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடலாம். ஒயர் உள்ள ஹெட்ஃபோனே போதும்.

இடது கை விரல்நுனி எரிச்சல் சில வாரங்களில் சரியாகும். மணிக்கட்டு வலி, மரத்துப்போதல் அப்படியல்ல. அன்றைக்குக் கிட்டாரை உறைக்குள் வையுங்கள், போனையும் சேர்த்து. மறுபடி வந்தால் மருத்துவரிடம் போங்கள், யூடியூபிடம் அல்ல.