சத்துப் பசையும் மருந்தும் ஒரே வாசலில் கிடைக்க வேண்டும்

போர் நடக்கும் ஊர்களில் குழந்தைகள் வெறும் பசியால் மட்டும் சாவதில்லை. சத்துக் குறைந்த உடம்பில் வயிற்றுப்போக்கோ நிமோனியாவோ தட்டம்மையோ வந்து சேரும்போதுதான் தாங்க முடியாமல் போகிறது. நோய் வந்தால் சாப்பிடப் பிடிக்காது, உடம்பு இன்னும் இளைக்கும். இளைத்தால் அடுத்த நோய் சீக்கிரம் வரும். 2011இல் சோமாலியாவில் அறிவிக்கப்பட்ட பஞ்சத்தில் சுமார் 2,60,000 பேர் இறந்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். அங்கேயும் பட்டினியோடு தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் கூடவே வந்தன.

ஆனால் உதவி செய்யும் நாங்கள் வேலையைப் பிரித்து வைத்திருக்கிறோம். 2005இல் ஐ.நா. கொண்டுவந்த, துறைக்கு ஓர் அமைப்பைப் பொறுப்பாக்கும் கிளஸ்டர் முறைப்படி ஊட்டச்சத்துக்கு யுனிசெஃப் பொறுப்பு, சுகாதாரத்துக்கு உலக சுகாதார நிறுவனம். ஊட்டச்சத்துக்குள்ளேயே இன்னொரு பிரிவு உண்டு: மிகக் கடுமையாக இளைத்த குழந்தைகளுக்கான சிகிச்சைப் பொருட்களைப் பெரும்பாலும் யுனிசெஃப் தரும், ஓரளவு இளைத்தவர்களுக்கானதை உலக உணவுத் திட்டம் தரும். களத்தில் வேலை செய்பவை வேறு வேறு தொண்டு நிறுவனங்கள். யார், எங்கே, எதை, எப்போது செய்கிறார்கள் என்று பட்டியல் போடுவதுதான் என் போன்ற ஒருங்கிணைப்பாளர்களின் அன்றாட வேலை. அந்தப் பட்டியலில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும்போதும் குழந்தைகள் நழுவிப் போகிறார்கள்.

எப்படி என்று சொல்கிறேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கைச் சுற்றளவை நாடாவால் அளப்போம். 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மிகக் கடுமையான குறைபாடு. 115க்கும் 125க்கும் நடுவே மிதமான குறைபாடு. முதல் வகைக் குழந்தைக்கு நோய்ச் சிக்கல் இல்லாமல், சாப்பிடும் ஆசையும் இருந்தால், 92 கிராம் பொட்டலங்களில் வரும் நிலக்கடலைப் பசையைக் கொடுத்து வீட்டிலேயே தேற்றலாம். ஒரு பொட்டலத்தில் 500 கலோரி. தண்ணீர் சேர்க்க வேண்டாம், சமைக்க வேண்டாம் என்பதால் கிணறும் அடுப்பும் அழிந்துபோன இடங்களில் இது பெரிய வரம். சரி, குழந்தை தேறி 118க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். பல திட்டங்களில் அந்த நிலையில் அது வேறு நிறுவனத்தின் பொறுப்புக்கு மாறும். அந்த மையம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் இருந்தால்? தாய் போகமாட்டாள். சில வாரங்களில் அதே குழந்தை பழைய நிலையில் திரும்பி வரும், வராமலும் போகும்.

ஒரு நிறுவனம்தான் உள்ளே போக முடியும் என்றால், 125 வரும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் அதுவே ஒரே பொருளைக் கொண்டு சிகிச்சை தரலாம். இது ஏற்கெனவே பல நாடுகளில் நடக்கிறது. ஆனால் யாருடைய பொருள், யாருடைய கணக்கில் எழுதுவது என்பதைச் சண்டை மூள்வதற்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். சாலை மூடிய பிறகு அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருப்பது பெரும் கொடுமை. தாய்மாருக்கே நாடாவைக் கொடுத்து அளக்கப் பழக்குவதையும் சண்டைக்கு முன்பே செய்துவிட வேண்டும். முன்பே செய்திருந்தால், நாங்கள் போக முடியாத வாரங்களில் குழந்தை இளைப்பதை முதலில் கவனிப்பவள் அவளாக இருப்பாள்.

மருத்துவப் பக்கம் இன்னும் நுணுக்கமானது. மிகக் கடுமையாக இளைத்த குழந்தையின் உடம்பில் உப்பு தேங்கும், பொட்டாசியம் குறைந்திருக்கும். அதனால் வயிற்றுப்போக்கு வந்தால் வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசலுக்குப் பதிலாக உப்பு குறைந்த தனிக் கரைசலைக் கொடுப்போம். அதே குழந்தைக்குக் காலரா என்றால் வழக்கமான கரைசலைத்தான் கொடுக்க வேண்டும். இரத்த ஓட்டம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும் அதிர்ச்சி நிலைக்குக் குழந்தை போகாதவரை நரம்பு வழியாக நீர் ஏற்றக் கூடாது, இதயம் தாங்காது. காலரா கூடாரத்தில் இருப்பவருக்கு இளைத்த குழந்தையை அடையாளம் காணத் தெரியாவிட்டாலோ, ஊட்டச்சத்து மையத்தில் இருப்பவருக்குக் காலராவைச் சந்தேகிக்கத் தெரியாவிட்டாலோ, நல்ல மனதோடு செய்யும் சிகிச்சையே ஆபத்தாகிவிடும். இரண்டு குழுக்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுப்பதற்கு நான் எந்தக் கூட்டத்தையும் தள்ளிப்போடுவேன். தடுப்பூசியும் அப்படியே: நெருக்கடியில் தட்டம்மை ஊசியை ஆறு மாதத்திலிருந்தே போடலாம். பசைப் பொட்டலம் வாங்க வரும் நாளிலேயே அதைப் போட்டுவிட்டால் தாய் இன்னொரு முறை குண்டுச் சத்தத்துக்கு நடுவே நடக்க வேண்டியதில்லை.

அப்புறம், பால் பவுடர். ஒவ்வொரு போரிலும் நல்லெண்ணத்தோடு டப்பா டப்பாவாக அனுப்புகிறார்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். சுத்தமான தண்ணீரும் கொதிக்கவைக்க விறகும் இல்லாத முகாமில் பால் புட்டி வயிற்றுப்போக்கைத்தான் கொண்டுவரும். பயத்திலும் பட்டினியிலும் தாய்ப்பால் வற்றிவிடும் என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. பதற்றத்தில் பால் இறங்கத் தாமதமாகலாம், சுரப்பது நின்றுபோவதில்லை. அடிக்கடி குழந்தையை மார்பில் போட்டால், ஒதுக்குப்புறமாக உட்கார ஓர் இடம் கிடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாய்க்கு உணவும் தண்ணீரும் கொடுப்பதே அந்தக் குழந்தைக்கான உதவி. தாயை இழந்த குழந்தைக்குப் பால் பவுடர் தேவைப்படலாம், ஆனால் அதை ஒரு சுகாதாரப் பணியாளர் ஆளறிந்து கொடுத்துத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

பணம் கொடுக்க நினைப்பவர்கள் தயங்காமல் சில கேள்விகள் கேளுங்கள். பசை கொடுக்கும் இடத்திலேயே காய்ச்சலுக்கு மருந்து உண்டா? நிலைமை மோசமானால் குழந்தையைச் சேர்க்கும் மருத்துவமனை எது, அங்கே இரவில் போக வண்டி இருக்கிறதா? உள்ளூர்ச் செவிலியருக்குச் சம்பளம் போய்ச் சேர்கிறதா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் நிலைமை கெட்டால் கிளம்பிவிடுவோம். சம்பளமே இல்லாமல் மாதக்கணக்கில் அந்த மையத்தைத் திறந்து வைத்திருப்பவர்கள் உள்ளூர்ச் செவிலியர்கள்தான். நன்கொடையில் அவர்கள் ஊதியத்துக்கு ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.