மெழுகு போன வழியே தங்கம்

அம்மாவின் பழைய சங்கிலியை உருக்கி, எனக்குப் பிடித்த மாதிரி ஒரு மோதிரம் செய்யக் கொடுத்திருந்தேன். வந்த மோதிரத்தில், கல் உட்காரும் முகப்பின் உள்பக்கம் ஊசி குத்தினாற்போல நாலைந்து புள்ளிகள். மெருகு போட்டால் போய்விடும் என்றார்கள். மெருகு ஏற ஏறப் புள்ளிகள் பெரிதாகத்தான் ஆயின.

பெங்களூரு நாகரத்பேட்டையில் தமிழ் பேசும் பத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். லென்ஸை வைத்துப் பார்த்தார். “இது ராவும்போது வந்த குழி இல்லம்மா. வார்க்கும்போதே இந்த இடத்துக்குத் தங்கம் பத்தல” என்றார். அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு நாள் பிடித்தது. மறுபடி வார்த்துத் தரும்வரை பட்டறைக்குப் போய்வந்துகொண்டே இருந்தேன்.

முதலில் தங்கத்தின் தரம். பழைய சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் பற்றாசு வைத்து ஒட்டியது. பத்தர்கள் பேச்சில் ‘பொடி’. சங்கிலி உருகுவதற்கு முன்பே பொடி உருகியாக வேண்டும், அதனால் அதில் தங்கம் குறைவு, மற்ற உலோகம் கூடுதல். மொத்தமாக உருக்கினால் எல்லாம் கலந்து தரம் இறங்கிவிடும். எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, சுத்தத் தங்கம் சேர்த்து 916-க்குக் கொண்டுவந்தார். அதாவது ஆயிரம் பங்கில் 916 தங்கம். மிச்சம் 84 பங்கு செம்பும் வெள்ளியும்.

அப்புறம் மெழுகு. கம்ப்யூட்டரில் வரைந்த மோதிரத்தை ஒரு பிரிண்டர் மெல்லிய அடுக்கடுக்காக மெழுகில் எழுப்பிக் கொடுக்கிறது. அதைத் தராசில் வைத்தார்: 0.22 கிராம். “நாலு கிராம் வரும்” என்றார், யோசிக்கவே இல்லை. கணக்கு எளிது. மெழுகின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீர் அளவு. 22 கேரட் தங்கம் அதைப்போல சுமார் 17.8 மடங்கு. பெருக்கினால் 3.9 கிராம். தங்கம் நெருப்பைப் பார்ப்பதற்கு முன்பே எடை தெரிந்துவிடுகிறது.

மெழுகு மோதிரத்துக்கு ஒரு மெழுகுத் தண்டு ஒட்டி, இன்னும் பல மோதிரங்களோடு சேர்த்து மரம் மாதிரி நிறுத்துகிறார்கள். அதை ஒரு உருளைக்குள் வைத்து, ஜிப்சமும் சிலிக்காவும் கலந்த மாவைக் கரைத்து ஊற்றி, குமிழி இல்லாமல் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். இறுகியதும் உலைக்குள் தலைகீழாகப் போகிறது. மெழுகு உருகி வழிந்து, மிச்சம் எரிந்து, மோதிரமும் தண்டும் இருந்த இடம் காலியாகிறது. தண்டு இருந்த வழியாகத்தான் உருகிய தங்கம் உள்ளே போகிறது. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பதும் இதே வழிதான். அங்கே மாவுக்குப் பதில் காவிரி வண்டல்.

உலையின் சூடு 700 டிகிரியைத் தாண்ட வேண்டும், ஆனால் மணிக்கணக்கில் மெதுவாக. மாவில் இருக்கும் சிலிக்காவின் ஒரு வடிவமான குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரியும். அவசரப்பட்டால் அச்சு வெடிக்கும். அளவுக்கு மீறிச் சூடாக்கினாலோ ஜிப்சம் சிதைந்து கந்தக வாயு கிளம்பி, அதுவே தங்கத்தில் குழி போடும்.

சரி, என் மோதிரத்தின் குழிகள் எப்படி வந்தன? உருகிய தங்கம் உறையும்போது அதன் கன அளவு சுமார் 5 சதவீதம் சுருங்குகிறது. சுருங்கிய அளவுக்குப் புதிதாகத் தங்கம் வந்து நிரப்ப வேண்டும். தருவது அந்தத் தண்டுதான். அதனால் தண்டு மோதிரத்தைவிடத் தடிமனாக இருந்து, கடைசியாக உறைய வேண்டும். மோதிரத்தில் தடிமனான இடம் முகப்பு; தண்டு அங்கேதான் ஒட்டியிருக்க வேண்டும். எனக்கு முதலில் செய்தவர்கள் பின்பக்கத்து மெல்லிய வளைவில் ஒட்டியிருக்கிறார்கள். வளைவு முதலில் உறைந்து வழி அடைபட்டது. முகப்பு உள்ளுக்குள் இன்னும் திரவமாகச் சுருங்கிக்கொண்டிருந்தபோது, அதற்குத் தங்கம் வந்துசேர வழியே இல்லை.

விருப்பத்துக்கேற்ற நகை என்று விற்கிற இடங்களில் படத்தை எல்லாப் பக்கமும் சுற்றிக் காட்டுகிறார்கள். தண்டை எங்கே ஒட்டுவீர்கள் என்று நாம் கேட்பதில்லை. தாராளமாகக் கேட்கலாம், தொழில் தெரிந்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

வார்த்த அன்று நான் பக்கத்திலேயே நின்றேன். சூடான உருளையைத் தண்ணீரில் முக்கியதும் உஸ்ஸென்று சீறி, வெள்ளை மாவு கரைந்து, உள்ளிருந்து மங்கிய நிறத்தில் ஒரு குட்டி மரம் வெளியே வந்தது. கிளைக்கு ஒரு மோதிரம். என்னுடையது முகப்பில் தடித்த தண்டோடு தொங்கியது. வெட்டி, ராவி, கல்லைப் பதித்து, மெருகேற்றி, ஹால்மார்க்குக்கு அனுப்பினார். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீட்டோடு திரும்பி வந்தது. லென்ஸில் பார்த்தேன், முகப்பின் உள்பக்கம் வழவழவென்று இருந்தது.

வெட்டிய தண்டை ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார். “இதுலயும் உங்க அம்மா சங்கிலி இருக்கும்மா.”