புழுக்கையும் ரத்தமும் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

ஆயிரம் செம்மறிகள் உள்ள மந்தையில் பத்துக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் ரத்தப் பரிசோதனை, நோயுள்ள 100 ஆடுகளில் 90-ஐப் பிடித்துவிடும். நோயில்லாத 100 ஆடுகளில் 98-க்கு 'இல்லை' என்று சரியாகச் சொல்லும். நல்ல பரிசோதனைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது மாட்டும். மீதி 990 நல்ல ஆடுகளில் 2 சதவீதம், சுமார் 20, அவையும் மாட்டும். ஆக, 'பாசிட்டிவ்' என்று வந்த 29-ல் 20 ஆடுகளுக்கு நோயே இல்லை! அதே பரிசோதனையை ஆயிரத்தில் 300 ஆடுகளுக்குத் தொற்றிய மந்தையில் செய்தால், 270 சரியாகவும் 14 மட்டும் தவறாகவும் வரும். ஆட்டை வெட்டுவதா வைப்பதா என்று முடிவெடுக்கும் முன் இதை யோசித்தே ஆகவேண்டும்.

'நெகட்டிவ்' இன்னும் ஏமாற்றும். இப்படிச் செய்யும் எலிசா என்ற ரத்தப் பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய ஆன்டிபாடியை. நுரையீரலை மெல்லக் கெடுக்கும் மேடி-விஸ்னா வைரஸ் புகுந்த பிறகு, ஆன்டிபாடி தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். குட்டிகளில் இது தலைகீழ்: சீம்பால் வழியாக வந்த தாயின் ஆன்டிபாடியே தொற்று இருப்பதுபோல் காட்டிவிடும்.

குடலைத் தாக்கும் ஜோன்ஸ் நோயில் ஆன்டிபாடி பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் ஏறுகிறது. நோயுள்ள ஆடுகளில் 30 சதவீதத்தை மட்டுமே ஒரு பரிசோதனை பிடிக்கிறது என்றால், தனி ஆட்டுக்கு அதை நம்பவே முடியாது. ஆனால் மந்தையில் பத்து நோயாடுகள் இருந்து எல்லாவற்றையும் சோதித்தால், ஒன்றாவது மாட்டுவதற்கு 97 சதவீத வாய்ப்பு. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒவ்வோர் ஆட்டிலும் தடுமாறுகிற பரிசோதனை, மந்தைக்குள் நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்கிறது. அதனால்தான் பல ஆடுகளின் புழுக்கையைக் கலந்து கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனையை ஒரே முறை செய்வதும், மெலிந்த ஆடுகளை முதலில் தேர்ந்தெடுப்பதும்.

1933-இல் ஐஸ்லாந்து ஜெர்மனியிலிருந்து 20 கராகுல் இனச் செம்மறிகளை இறக்குமதி செய்தது. பார்வைக்கு நன்றாகவே இருந்தன. மேடி, ஜோன்ஸ் இரண்டும் அவற்றோடு வந்தன. மேடியை ஒழிக்க 1965 வரை ஆனது, அதுவும் லட்சக்கணக்கான ஆடுகளைக் கொன்று. அன்று அதற்கு ரத்தப் பரிசோதனையே கிடையாது.

இன்று இருக்கிறது. ஆனாலும் புதிதாக வாங்கிய கிடாவுக்கு ஒரு 'நெகட்டிவ்' போதாது. தனியாகக் கட்டி வைத்து, சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுங்கள். அப்புறம் மந்தையில் விடுங்கள்.