மத்தி ஊட்டத் தெரிந்த கைகள்

சிங்கப்பூரில் பறவைப் பராமரிப்பு என் தொழில். தென்னாப்பிரிக்காவில் காட்டுப் பெங்குயின் குஞ்சுகளைப் பேணும் பணிக்குப் போய்வந்த பிறகு, "விடுமுறை நன்றாகக் கழிந்ததா?" என்றுதான் பலரும் கேட்டார்கள். விலங்கியல் தோட்ட ஊழியர் வெளிநாட்டுக்குப் போனால் அது உல்லாசப் பயணம்தான் என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை. அதை மாற்றவே இதை எழுதுகிறேன்.

ஆப்பிரிக்கப் பெங்குயின் தென்னாப்பிரிக்கா, நமீபியா கரையோரங்களில் மட்டுமே இனப்பெருக்கம் செய்கிறது. காட்டில் எஞ்சியிருப்பவை 10,000 இணைகளுக்கும் குறைவு. 2024 அக்டோபரில் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் அதுவும் சேர்ந்தது. மத்தியும் நெத்திலியுமே அதன் உயிர். அந்த மீன்கள் குறைந்ததுதான் வீழ்ச்சியின் முதன்மைக் காரணம்.

மீன் குறைந்தால் குஞ்சுகளுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பலரும் அறியமாட்டார்கள். பெங்குயின் ஆண்டுக்கு ஒருமுறை இறகு முழுவதையும் ஒரேயடியாக உதிர்த்துப் புதிதாக வளர்க்கும். ஏறத்தாழ மூன்று வாரம் உடலில் நீர் ஒட்டாத தன்மை இருக்காது. கடலில் இறங்க முடியாது. பட்டினியாகக் கரையில் நிற்க வேண்டியதுதான். இரை தாராளமாக இருந்த காலத்தில் குஞ்சுகள் வளர்ந்து கடலுக்குப் போன பிறகே பெற்றோருக்கு இறகு உதிரும். இப்போது குஞ்சு மெதுவாக வளர்கிறது, இறகு உதிரும் பருவமோ காத்திருப்பதில்லை. ஆண்டின் கடைசி மாதங்களில், பெற்றோர் கண்ணெதிரே நிற்க, குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினி கிடக்கின்றன. அவற்றை எடுத்து வளர்த்துக் கடலில் விடுவதைக் கேப் டவுனில் உள்ள கடற்பறவை மீட்பு அமைப்பான சான்காப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. 1968-இல் தொடங்கிய அமைப்பு அது. இப்படி வளர்ந்த குஞ்சுகள், பெற்றோர் வளர்த்தவற்றைப் போலவே உயிர் பிழைத்து இனம் பெருக்குகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அந்தப் பருவத்தில் ஒரே நேரத்தில் வந்து குவியும் குஞ்சுகளுக்கு உள்ளூர் ஊழியர்களின் கைகள் மட்டும் போதா. எங்களைப் போன்றவர்கள் உதவுவது அங்கேதான்.

எண்ணெய்த்துணி ஏப்ரன், ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை உறை. தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து பறவையை முழங்கால்களுக்கு இடையில் நிறுத்தி, ஒரு கையால் தலையைப் பிடித்து, விரலால் அலகின் ஓரத்தை நெம்பித் திறந்து, மத்தியைத் தலைப்பக்கமாக உள்ளே செலுத்த வேண்டும். வால்பக்கமாகக் கொடுத்தால் துடுப்பும் செதிலும் தொண்டையைக் கீறும். உறையவைத்த மீனில் பி1 வைட்டமின் குறைந்துவிடும் என்பதால் செவுளுக்குள் மாத்திரையைச் செருகித் தருவோம். விழுங்கும்வரை கையை எடுக்கக்கூடாது. எடுத்தால் தலையை உதறி மீனைச் சுவரில் அடித்துவிடும். அலகின் விளிம்பு கத்திபோல் கூர்மையானது. இதையெல்லாம் புதியவருக்குக் கற்றுக்கொடுக்க நாள் பிடிக்கும். தினமும் பெங்குயின்களோடு பழகும் பராமரிப்பாளருக்கோ வந்த அன்றே பொறுப்பை ஒப்படைக்கலாம்.

அதைவிட முக்கியம், கண் பழகியிருப்பது. நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை நோய், கொசு பரப்பும் பறவை மலேரியா, பாதத்தில் வரும் புண் ஆகிய மூன்றும் விலங்கியல் தோட்டப் பெங்குயின்களுக்கும் எமன்கள். நேற்று துள்ளிய குஞ்சு இன்று சற்றே ஒதுங்கி நிற்கிறதா, மூச்சு விடும்போது வால் ஏறி இறங்குகிறதா, எச்சத்தின் நிறம் மாறியிருக்கிறதா, காலை எடையில் சில கிராம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தவுடன் பிடிபட வேண்டும். அங்கே எனக்குப் பயன்பட்டது, இங்கே ஆண்டுக்கணக்கில் எடைப் பலகை முன்னால் நின்ற பழக்கம்தான்.

2000 ஜூனில் டிரெஷர் என்ற சரக்குக் கப்பல் ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் இடையே மூழ்கியபோது சுமார் 19,000 பெங்குயின்கள் எண்ணெயில் தோய்ந்தன. எண்ணெய் படாத வேறு 19,500 பறவைகளைப் பிடித்துக் கிழக்கே பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் விட்டார்கள். அவை நீந்தி வீடு திரும்புவதற்குள் கடலைச் சுத்தம் செய்தாக வேண்டும். பல நாட்டு விலங்கியல் தோட்ட ஊழியர்கள் அப்போது பறந்து வந்து, ஆயிரக்கணக்கான உள்ளூர்த் தன்னார்வலர்களுக்குப் பறவையைப் பிடிக்கவும் ஊட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். எண்ணெய் தோய்ந்தவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் மீண்டும் கடலுக்குப் போயின.

இதைப் படித்துவிட்டு "நானும் பணம் கட்டிப் போகலாமா?" என்று கேட்கும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதே தென்னாப்பிரிக்காவில், காசு வாங்கிக்கொண்டு சிங்கக் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கவைக்கும் பண்ணைகள் இருக்கின்றன. "தாயற்ற குட்டி" என்பார்கள். உண்மையில் பல குட்டிகள் பிறந்த சில நாளிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை. வளர்ந்ததும், வேலிக்குள் அடைத்த சிங்கத்தைச் சுடும் வேட்டைக்காரர்களுக்கும் எலும்பு வணிகத்துக்கும் போகின்றன. இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவருவதாக அந்நாட்டு அரசே 2021-இல் அறிவித்தது. கட்டியணைத்துப் படம் எடுக்க விடும் இடம் எதுவானாலும் போகாதீர்கள். காட்டுக்குத் திரும்ப வேண்டிய உயிருக்கு மனித வாசனை பழகக்கூடாது. நல்ல மையத்தில் குஞ்சுகளின் அருகே உரக்கப் பேசவே விடமாட்டார்கள். பொழுதின் பெரும்பகுதி கூண்டு கழுவுவதிலும் துண்டு துவைப்பதிலும் உறைந்த மீனை இளகவைப்பதிலும் போகும்.

நிர்வாகங்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஊழியரை அனுப்புவதைப் பரிசாகவோ விளம்பரமாகவோ ஆக்காதீர்கள். அதைப் பணி நாளாகக் கணக்கில் வையுங்கள், காப்பீடு எடுங்கள். யார் வேண்டும், எப்போது வேண்டும் என்பதை அந்த மையமே சொல்லட்டும். ஏதாவது ஓர் ஆண்டில் அதற்குத் தேவை வெளிநாட்டு ஆளாக இருக்காது, உள்ளூர் ஊழியர் ஒருவரின் ஆண்டுச் சம்பளமாக இருக்கும். அப்போது விமானக் கட்டணத்தை அங்கே அனுப்புவதே நேர்மை. பறவைக் காய்ச்சல் பரவும் காலம் என்பதால், திரும்பி வருகிறவரைச் சில நாள் பறவைகளிடமிருந்து விலக்கியும் வையுங்கள்.

குஞ்சை வளர்த்துக் கடலில் விட்டால் போதுமா? அங்கே மீன் இருக்க வேண்டும். அதற்காகச் சான்காப்பும் பேர்ட்லைஃப் தென்னாப்பிரிக்கா என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஆறு பெங்குயின் வாழிடங்களைச் சுற்றி மத்தி, நெத்திலிக்கான வணிக மீன்பிடிப்புக்குப் பத்தாண்டுத் தடைப் பகுதிகள் வரையறுக்கப்பட்டுள்ளன. நாங்கள் ஊட்டி வளர்த்த குஞ்சுகள் இரை தேடப் போவது அந்தக் கடலில்தான்.