டாஸ் கணினியில் திறக்கும் பாப்-அப் சாளரம்: சிஎன்சி பட்டறைகள் கவனிக்க வேண்டியது

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள பட்டறைகளில், கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் சிஎன்சி எந்திரங்களோடு சீரியல் கேபிளில் இணைந்த பழைய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். அவற்றில் சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால், நடக்கும் வேலையின் மேலேயே கால்குலேட்டரோ குறிப்பேடோ திறக்கும். எந்திரத்துக்கும் கணினிக்கும் இடையே புரோகிராம் பரிமாற்றம் நடக்கும்போது அதைத் திறப்பது ஆபத்தானது.

டாஸ் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமைத்தான் இயக்கும். ஆனால் 1984இல் போர்லேண்ட் நிறுவனம் வெளியிட்ட சைட்கிக் போன்ற பாப்-அப் புரோகிராம்கள், இன்டரப்ட் அட்டவணையில் (நடக்கும் வேலையை இடைமறிக்கும் இன்டரப்ட் ஒவ்வொன்றுக்கும் எந்த முகவரிக்குச் செல்ல வேண்டும் என்ற பட்டியல்) விசைப்பலகைக்குரிய 9ஆம் எண்ணில் தம் முகவரியை எழுதிவிட்டு, நினைவகத்தைத் திருப்பித் தராமலே வேலை முடிந்ததாக டாஸிடம் தெரிவித்துவிடும். அதன்பின் எந்த விசையை அழுத்தினாலும் கட்டுப்பாடு முதலில் அவற்றிடமே செல்லும்; தமக்குரிய விசை அல்லாவிட்டால் பழைய முகவரிக்கு அனுப்பிவிடும், தமக்குரியதாக இருந்தால் திரையில் இருப்பதை நகலெடுத்துக்கொண்டு சாளரத்தை வரையும். 80க்கு 25 எழுத்துத் திரை முழுவதும் 4000 பைட்டுகளே என்பதால் இது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

சிக்கல் சீரியல் போர்ட்டில் எழுகிறது. 9600 பாட் வேகத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்டுக்கு ஓர் எழுத்து வருகிறது. சீரியல் போர்ட்டைக் கையாளும் 8250 வகைச் சிப்பால் அதில் ஒன்றை மட்டுமே பிடித்து வைக்க முடியும். சாளரப் புரோகிராம் இன்டரப்டுகளை அதைவிடச் சற்று அதிக நேரம் நிறுத்திவிட்டால், அடுத்த எழுத்து முந்தையதை அழித்துவிடும். எந்திரத்திலிருந்து எடுத்த கோப்பில் 25.5 என்பதன் புள்ளி மட்டும் தொலைந்து 255 ஆகிவிட்டால், அதை மறுபடி ஏற்றி ஓட்டும்போது டூல் எங்கே போய் மோதும் என்று சொல்லத் தேவையில்லை. 16 பைட் தாங்கும் 16550ஏ சிப் இந்த ஆபத்தைக் குறைக்கும், முழுதாக நீக்காது.

டாஸ் 5 முதல் உள்ள மெம் /சி (MEM /C) கட்டளை, நினைவகத்தில் தங்கியிருப்பவற்றைப் பட்டியலிடும். தேவையற்றதை ஓடும் நிலையில் நீக்க முயல வேண்டாம். பின்னால் ஏறியது இருக்க முன்னால் ஏறியதை எடுத்தால் முகவரிச் சங்கிலி அறுந்து கணினி உறைந்துவிடும். கணினி தொடங்கும்போது தானே இயங்கும் ஆட்டோஎக்ஸெக்.பேட் (AUTOEXEC.BAT) கோப்பில், அதற்குரிய வரியின் முன் அவ்வரியை இயங்காமல் செய்யும் ரெம் (REM) என்ற சொல்லைச் சேர்த்து, கணினியை மீண்டும் தொடங்குவதே சரியான வழி.

சுத்தமான டாஸ் ஃபிளாப்பியில் தொடங்கிய பிறகும் அதே விசைகளுக்குச் சாளரம் திறந்தால், அது கணினியின் சிப்பில் உள்ள தொடக்க மென்பொருளான பயாஸிலேயே பதிந்துள்ளது. கோப்புகளை மாற்றி அதை அகற்ற முடியாது. அத்தகைய கணினியில் பரிமாற்றம் முடியும்வரை விசைப்பலகையை எவரும் தொடக் கூடாது. எந்திரத்திலிருந்து எடுக்கும் ஒவ்வொரு புரோகிராமையும் இருமுறை எடுத்து, எஃப்சி (FC) கட்டளையால் இரண்டையும் ஒப்பிட்ட பிறகே சேமியுங்கள்.