பல் தேய்மானம் சொத்தையான கதை

‘பற்சிதைவு’ என்ற சொல் மூன்றாவது முறையாகக் காதில் விழுந்ததும் டிவியை நிறுத்திவிட்டேன். இங்கிலாந்தின் பழைய இடுகாடு ஒன்றைப் பற்றிய ஆவணப்படம், தமிழ்க் குரலில். திரை முழுக்க ஒரு கீழ்த்தாடை. கடைவாய்ப்பற்களின் முகடுகள் மழுங்கி, மேல்பரப்பு பலகைபோலத் தட்டையாகி, ஓரத்து வெள்ளைக்கு நடுவே தேன் நிறத்தில் உள்பகுதி திட்டுத்திட்டாகத் தெரிகிறது. ஒரு பல்லில்கூட ஓட்டை இல்லை. குரல் சொல்கிறது: “இடைக்கால மனித எச்சங்களில் கடுமையான பற்சிதைவு காணப்படுகிறது.”

மூலத்தில் ‘அட்ரிஷன்’ என்றுதான் இருந்திருக்கும். லத்தீனில் ‘தெரெரே’ என்றால் தேய்ப்பது. முன்னால் ‘அத்’ சேர்த்தால் ஒன்றின்மேல் ஒன்று உராய்ந்து தேய்வது. (அதே இடைக்காலத்து, அதாவது ஏறக்குறைய 5 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான ஐரோப்பாவின், இறையியலாளர்கள் நரகத்துக்குப் பயந்து படும் அரைகுறை மனவருத்தத்துக்கும் இதே சொல்லை வைத்திருந்தார்கள். இன்று கம்பெனிகளில் ஆள் விட்டுப்போவதற்கும் இதுதான்.) தமிழில் இதற்குத் தேடி அலைய வேண்டியதே இல்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோம். கடுஞ்சொல்லும் அளவு மீறிய தண்டனையும் வேந்தனின் வலிமையைத் ‘தேய்க்கும் அரம்’ என்று குறள் 567 சொல்கிறது. பழைய நகையை எடைபோடும் ஆசாரி தேய்மானம் என்கிறார், கணக்கர் தேய்மானம் என்கிறார், செருப்புக் கடைக்காரர்கூடச் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் மட்டும் சிதைவு என்கிறார்.

சிதைவு என்று சொன்னால் என்ன குறைந்துவிட்டது என்று ஒரு நண்பர் கேட்டார். நிறையவே குறைந்துவிட்டது. பற்சிதைவு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. பல் மருத்துவமனைச் சுவரொட்டியில் அது சொத்தையைக் குறிக்கிறது. பாட்டிமார் ‘பூச்சிப்பல்’ என்றதும் அதைத்தான். கிருமிகள் இனிப்பையும் மாவையும் தின்று அமிலம் கக்க, அந்த அமிலம் பல்லைக் குடைவது சொத்தை. கிருமிக்கு வேலையே இல்லாமல் பல்லோடு பல்லும், பல்லோடு உணவிலுள்ள மணலும் உராய்ந்து மழுங்குவது தேய்மானம். முன்னது ஓட்டை போடுகிறது, பின்னது சமனாக்குகிறது.

இடைக்காலத் தாடைகளில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகவே நிற்கின்றன என்பதுதான் விஷயம். அன்றைய ஐரோப்பியக் குடியானவன் தின்றது கல் இயந்திரத்தில் அரைத்த முரட்டு மாவின் ரொட்டி. கொத்திய அம்மியில் முதலில் அரைத்ததை வழித்து எறிந்துவிடுவோமே, ஏன்? கல்தூள் பல்லில் நறநறக்கும். அந்தத் தூள் ஆயுள் முழுக்க ரொட்டியில் வந்துகொண்டே இருந்தால்? பல்லின் மேலோடு, அதாவது பற்சிப்பி, உடம்பிலேயே கடினமான பொருள். ஆனாலும் மணலில் உள்ள குவார்ட்சு என்ற கனிமம் அதைவிடக் கடினமானது. ஒருமுறை தேய்ந்த பற்சிப்பி திரும்ப வளராது. அப்படித் தேயும்போது கடைவாய்ப்பல்லின் மேலே உள்ள குழிகளும் வெடிப்புகளும் சேர்ந்தே மறைகின்றன. நம் பிள்ளைகளுக்குச் சொத்தை முதலில் குடியேறும் இடமே அதுதான். அதனால் அந்தத் தாடைகளில் சொத்தை இருந்தாலும் பெரும்பாலும் ஈறோரத்திலும் இரு பல்லுக்கு இடையிலும்தான் இருக்கும். பின்னால் சர்க்கரையும் சலித்த மெல்லிய மாவும் பரவிய நூற்றாண்டுகளில் தேய்மானம் குறைந்தது, சொத்தை பெருகியது. ‘தேய்மானம் குறைய சிதைவு கூடியது’ என்ற இந்த வாக்கியத்தை நம் மொழிபெயர்ப்பாளர் எப்படி எழுதுவார்? ‘சிதைவு குறைய சிதைவு கூடியது’ என்றா?

பல்லை வைத்து எலும்புக்கூட்டின் வயதைக் கணிக்கும் கணக்கு இன்னும் மோசமாகிவிடும். முதல் கடைவாய்ப்பல் 6 வயது வாக்கில் முளைக்கிறது, இரண்டாவது 12 வாக்கில், ஞானப்பல் 18 வாக்கிலோ அதற்குப் பிறகோ. ஆகவே இரண்டாவது வெளியே வரும்போது முதல் பல் 6 ஆண்டு தேய்ந்திருக்கும். ஒரு சமூகத்துச் சிறுவர்களின் தாடைகளில் 6 ஆண்டுத் தேய்மானம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டால், அதே சமூகத்துப் பெரியவர்களின் வயதைப் படிப்படியாகக் கணிக்கலாம். 1960களில் மைல்ஸ் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் தொடக்க இடைக்காலத்து ஆங்கிலோ-சாக்சன் மக்களின் தாடைகளில் இதைத்தான் செய்தார். அதே காலத்தில் டான் பிராத்வெல் என்ற தொல்லியலாளர் வெளியிட்ட, தேய்மானத்தை வயதோடு பொருத்திக் காட்டும் படவரிசை இன்றும் கையாளப்படுகிறது. யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட ஆங்கிலேயக் கிராமத்தில் 1950 முதல் 1990 வரை தோண்டி எடுத்த 600-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் போன்றவற்றில் பெரியவர்களின் வயதை மதிப்பிட இந்த வகைக் கணக்குதான் பெரிதும் கைகொடுக்கிறது. அதைப் போய் ‘பற்சிதைவை வைத்து வயதைக் கணித்தனர்’ என்று எழுதினால், 8 வயதில் மிட்டாய் தின்று பல் போனவன் கிழவனாகிவிடுவான்.

‘பல் அரிப்பு’ என்று எழுதுபவர்களும் உண்டு. அமிலம் நேரடியாகக் கரைப்பதற்கு ‘அரிமானம்’ என்றால் ஒப்புக்கொள்வேன். அரிப்பு என்றால் எனக்குச் சொறியத்தான் தோன்றுகிறது. வெளிப்பொருள் பட்டுத் தேய்வதற்கு ‘அராவல்’ நல்ல சொல். சுங்கான் (புகைக்குழாய்) பிடித்தவர்களின் முன்பற்களில் விழும் வட்டப் பள்ளம் அராவல்தான். (ஐரோப்பிய மண்டையோட்டில் அதைக் கண்டால் இடைக்காலம் என்று சொல்லாதீர்கள். புகையிலை கொலம்பசுக்குப் பிறகுதான் அங்கே போனது.) பல்லோடு பல் உராய்ந்தது எவ்வளவு, மணல் அராவியது எவ்வளவு என்று புதைகுழித் தாடையில் பிரித்துப் பார்ப்பது கடினம். ஆகவே இரண்டையும் அணைத்துக்கொள்ளும் தேய்மானமே வசதி.

தனித்தமிழ் அன்பர்கள் ‘மானம்’ வடமொழி ஈறு என்று ஒதுக்கி, ‘பற்றேய்வு’ என்பார்கள். புணர்ச்சி இலக்கணம் சரிதான். படிப்பவர் ‘பற்று’ என்று பிரித்து, ஏய்வு என்றால் என்ன என்று முழிப்பார். பல் தேய்வு என்று பிரித்தே எழுதுங்களேன், இலக்கணம் கோபித்துக்கொள்ளாது.

பல்லை விட்டாலும் ஆவணப்படக் குரலின் ‘இடைக்கால மனித எச்சங்கள்’ வாக்கியத்தில் இன்னும் இரண்டு உறுத்தல்கள் உண்டு. ஜாமீனும் பட்ஜெட்டும் ‘இடைக்கால’ ஆகிவிட்ட பிறகு இடைக்கால மனிதன் தற்காலிகமாக வந்துபோனவன்போல ஒலிக்கிறான். எச்சம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது காக்கை. எலும்புகள் என்றால் எலும்புகள் என்றே சொல்லலாமே.

திரையில் தெரிந்த தாடைக்கு இவ்வளவு போதும்: “இடைக்காலத்தில் வாழ்ந்த இவருடைய கடைவாய்ப்பற்கள் நன்றாகத் தேய்ந்திருக்கின்றன. சொத்தை இல்லை.”