வாடகை ஈவு: சொல் விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய கடைவீட்டை விற்க வரும் ஏஜெண்ட் முதலில் எடுப்பது ‘யீல்ட்’ பேச்சைத்தான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு யீல்ட் என்றால் ஏக்கருக்கு எவ்வளவு ரப்பர் பால், எவ்வளவு செம்பனைக் குலை என்பதுதான். அதற்கு விளைச்சல் போதும். வீட்டு யீல்ட் என்பது, போட்ட முதலீட்டில் நூற்றுக்கு எத்தனை ரிங்கிட் ஆண்டு வாடகையாக வருகிறது என்ற கணக்கு. இதை வாடகை ஈவு எனலாம்.

யீல்ட் பழைய ஆங்கிலத்தில் ‘செலுத்து’ என்ற வினை. ஜெர்மானியர் பணத்தைச் சொல்லும் ‘கெல்ட்’டும் அதே வேர்தான். ஈவு, கொடுத்தலைக் குறிக்கும் ‘ஈ’ என்ற வினையில் பிறந்தது. தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் வகுத்தால் வருவதும் ஈவு, ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப். தருவது லாப ஈவு. வாடகை வடசொல், குடிக்கூலியே தமிழ் என்பார்கள். சரிதான், ஆனால் இங்கே கூலி என்றாலே தோட்டச் சம்பளம்தான் நினைவுக்கு வரும். வாடகையே இருக்கட்டும்.

கணக்குக்கு வருவோம். விலை 2,50,000 ரிங்கிட், மாத வாடகை 1,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 12,000, ஈவு 4.8 விழுக்காடு. ஏஜெண்ட் சொல்வது, செலவு எதையும் கழிக்காத இந்த மொத்த ஈவு. ஒரு மாதம் ஆளில்லாமல் கிடந்தால் 1,000 போகும். நிலவரி, நகராட்சிக்குக் கட்டும் கதவு வரி, தீக் காப்புறுதி, சில்லறைப் பழுது எல்லாம் சேர்த்து இன்னொரு 2,000 வைத்தால் மிஞ்சுவது 9,000. முதலும் 2,50,000 அல்ல. முத்திரை வரி 4,000, வழக்கறிஞர் கட்டணம் ஏறத்தாழ 3,000. மாடிப் பலகையில் கரையான், பக்கத்துக் கடையோடு பொதுச் சுவரில் கசிவு, நைந்த வயரிங், அஞ்சடிக் (கடை முன் நடைபாதை) கூரை என்று பழுதுக்கு 23,000 போனால் முதல் 2,80,000 ஆகிவிடும். நிகர ஈவு 3.2 விழுக்காடு. வங்கிக் கடன் வட்டி இதில் சேரவில்லை. 2024க்கு இ.பி.எஃப். தந்ததோ 6.30 விழுக்காடு.

பழைய டவுனுக்கு மவுசு கூடும்போது ஏமாறுவதுதான் அதிகம். முதலில் ஏறுவது விலை. வாடகை ஒப்பந்தம் முடியும்வரை நகராது. விலை 3,00,000, வாடகை 1,100 ஆனால் மொத்த ஈவு 4.4க்கு இறங்கும். ஆகவே புதிதாக வாங்குபவர் இன்றைய விலையையும் கையெழுத்தான வாடகையையும் வைத்தே வகுக்க வேண்டும். ‘இனி கிடைக்கும்’ வாடகையை வைத்தல்ல.

வாடகை தராதவரின் பூட்டை மாற்றி வெளியேற்றவும் முடியாது. 1950ஆம் ஆண்டு ‘குறிப்பிட்ட நிவாரணச் சட்ட’த்தின் (Specific Relief Act) 7(2) பிரிவுப்படி நீதிமன்ற ஆணை வேண்டும். அது வரும்வரை வாடகை வராத மாதங்களையும் ஈவில் கழித்துக்கொள்ளுங்கள்.